மூன்று கொட்டேஷனையும் ஒரே அளவில் வைத்துப் பாருங்கள்

காரைக்குடி, கோட்டையூர், தேவகோட்டைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களில் பலர் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். நான் இங்கே சைட் பார்க்கிறவன். தளம் போட்டு முடிந்த கையோடு என் போனுக்கு மூன்று ஜன்னல் கொட்டேஷன் வந்துவிடும். "எது மலிவு, பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். அப்படியே பார்த்தால் எதுவும் சொல்ல முடியாது. ஒருவர் விலையில் கொசு வலை சேராது, இன்னொருவர் விலையில் பொருத்துக்கூலி சேராது, மூன்றாமவர் ஜிஎஸ்டியைக் கடைசி வரியில் பொடி எழுத்தில் வைத்திருப்பார்.

ஆகவே, பட்டியலை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் அகலம், உயரம், தள்ளு கதவா திறப்புக் கதவா, கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், வலை, பூட்டு, பொருத்துக்கூலி, வண்டி வாடகை, வரி என்று எல்லாம் அதில் இருக்கட்டும். அதே பட்டியலுக்கு மூவரும் விலை போட்டுத் தரட்டும். மலிவாகத் தெரிந்தவர் மூன்றாவது இடத்துக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ஜன்னலைச் செய்வது யார் என்பது. யூபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னலில் இதுதான் பெரிய குழப்பம். ஃபெனஸ்டா போன்ற நிறுவனம் புரொஃபைலையும் (சட்டத்துக்கான நீளக் குழல்) ஜன்னலையும் தானே செய்கிறது. வேகா, ரெஹாவ் என்பவை புரொஃபைல் நிறுவனங்களின் பெயர்கள். அந்தக் குழலை வாங்கி அறுத்து, மூலைகளை உருக்கி ஒட்டி, ஜன்னலாக்குகிறவர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபேப்ரிகேட்டர். புரொஃபைல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் மூலை சரியாக ஒட்டவில்லை என்றால் பயனில்லை. அதனால் ஷோரூமைவிடப் பட்டறையைப் பாருங்கள்.

பட்டறையில் அறுத்துப் போட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளே அறை அறையாக இருக்கும். வெளியே தெரிகிற குழல் சுவரின் தடிமனை வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்கலாம். ஐரோப்பியத் தரக்கணக்கில் 2.8 மில்லிமீட்டருக்குக் குறையாதது ஏ வகுப்பு, 2.5 என்றால் பி வகுப்பு. நடு அறைக்குள் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இருக்க வேண்டும். பெரிய ஜன்னல் வளையாமல் நிற்பது அதனால்தான். விலையைக் குறைக்க முதலில் மாயமாவதும் அதுதான். ஜன்னல் வீட்டுக்கு வந்த பிறகும் சோதிக்கலாம்: பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைச் சட்டத்தில் வைத்து நகர்த்துங்கள், இரும்பு இருக்கும் இடத்தில் இழுக்கும்.

நம் ஊருக்கென்றே ஒரு கேள்வி உண்டு: கிரில். ஷோரூமில் கிரில் இருக்காது, எல்லா ஜன்னலும் அழகாகத் திறக்கும். வீட்டில் உட்புறம் கிரில் வைத்துவிட்டு, வெளியே திறக்கும் கதவையும் போட்டால், கம்பிக்குள் கையை நுழைத்துத்தான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். வலையை எங்கே வைப்பது என்ற வழக்கும் சேர்ந்துகொள்ளும். தள்ளு கதவில் கண்ணாடிக்கு இரண்டு தடம், வலைக்கு ஒன்று என்று முடித்துவிடலாம். ஆனால் பாதி அகலம்தான் திறக்கும். முற்றத்துக் காற்றில் வளர்ந்த ஆச்சிமார்களுக்கு அந்தப் பாதி போதாது. படுக்கையறைக்குத் திறப்புக் கதவு, கூடத்துக்குத் தள்ளு கதவு என்பது என் கணக்கு. கிரில் கம்பியின் இடைவெளியை ஜன்னல்காரரிடம் முன்பே காட்டிவிடுங்கள்.

மேற்குச் சுவருக்கு அடர் நிறச் சட்டம் வேண்டாம். கருமை வெயிலை வாங்கும், யூபிவிசி சூட்டில் நீளும். இரண்டு மீட்டர்ச் சட்டம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே இடம் விட்டு, சிலிக்கான் அடைப்பது அதற்குத்தான். சிமெண்டை வைத்து இறுக்கிப் பூசுகிற ஆள் வந்தால் வேலையை நிறுத்துங்கள். இரட்டைக் கண்ணாடி ஏசி அறைக்கு மட்டும் போதும். மற்ற இடங்களில் அந்தப் பணத்தை சன்ஷேடில் போடலாம்.

டஃபன்டு கண்ணாடி (சூட்டில் வாட்டி வலுவாக்கியது) என்று எழுதியிருந்தால் மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதை வாட்டிய பிறகு அறுக்க முடியாது. அதனால் பூச்சு வேலை முடிந்து திறப்பை மறுபடி அளந்த பிறகே ஆர்டர்.

அலுமினியம் என்றால் ஒரு மீட்டர் செக்‌ஷனின் எடையைக் கேளுங்கள், பவுடர் கோட்டிங் 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. மரம்தான் வேண்டும் என்பவர்கள் காரைக்குடியில் பழைய பொருள் கடைகளில் பர்மா தேக்கு ஜன்னல் பார்க்கலாம். ஆனால் சுவர் எழும்புவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். பழைய ஜன்னலின் அளவுக்குத்தான் திறப்பு விட முடியும், திறப்பின் அளவுக்கு அது வராது.

பொருத்தியதும் ஒரு குடம் தண்ணீரைக் கீழ்த் தடத்தில் ஊற்றச் சொல்லுங்கள். வெளிப்புற ஓட்டைகள் வழியே வடிய வேண்டும், உள்ளே ஒரு சொட்டு வரக் கூடாது. பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஐப்பசி மழை வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ரோலர் தேய்ந்தால் யார் வருவார், எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளில் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். மதுரையிலிருந்து ஆள் வரவேண்டும் என்றால் வண்டிச் செலவு யாருடையது என்பதையும் சேர்த்து.