வெறும் டியூப்பையும் சீக்வென்சிங்குக்கு அனுப்புங்கள்

குடல் நுண்ணுயிர் ஆய்வில் என்னுடைய முதல் 'கண்டுபிடிப்பு' ரால்ஸ்டோனியா. நோயாளிகளின் குடல் சுவரிலிருந்து கிள்ளியெடுத்த பயாப்சிகளில் எல்லாம் அந்த பாக்டீரியா இருந்தது, மற்றவர்களிடம் இல்லை. இரண்டு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பிறகு நோட்டைப் புரட்டினால், நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து டிஎன்ஏவை ஒரு கிட்டிலும் (பிரித்தெடுக்கும் ரசாயனப் பெட்டி) மற்றவற்றிலிருந்து அடுத்த மாதம் வந்த கிட்டிலும் பிரித்தெடுத்திருக்கிறேன். சுத்திகரித்த தண்ணீரில்கூடப் பிழைத்துக் கிடக்கும் ஜீவன் அது. வந்தது குடலிலிருந்து அல்ல, கிட்டிலிருந்து.

ஆகவே, ஒவ்வொரு தடவை டிஎன்ஏ பிரிக்கும்போதும் மாதிரியே போடாத ஒரு டியூப்பை, டிஎன்ஏவின் எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்சிங் வரை எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுபோங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த கலவை ஒன்றும் வேண்டும். மாக் கம்யூனிட்டி என்று கேட்டால் கிடைக்கும். நோயாளி, ஆரோக்கியமானவர் இருவரின் டியூப்களையும் மாற்றி மாற்றி வைத்து ஒரே நாளில் பிரித்தெடுங்கள். கிட்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணை எழுதிவையுங்கள்.

மலமாதிரி என்றால் இந்தத் தொல்லை குறைவு, அதில் பாக்டீரியா அவ்வளவு இருக்கிறது. அங்கே எதிரி நேரம். வெளியே கிடந்தால் ஈ.கோலை போன்றவை பெருகிவிடும். உடனே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்; முடியாவிட்டால் பாதுகாப்புத் திரவம். எதைத் தேர்ந்தாலும் எல்லா மாதிரிக்கும் அதுவே. கொடுப்பவர் சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தாரா என்று கேட்க மறக்காதீர்கள்.

பிரித்தெடுப்பில் மணிகளைத் தவிர்க்காதீர்கள். 0.1 மில்லிமீட்டர் சிர்கோனியா மணிகள் உள்ள டியூப்பை இயந்திரத்தில் குலுக்கினால் கடகடவென்று காதடைக்கும். நுரை பொங்கும், டியூப் சுடும், இடையிடையே ஐஸில் வைக்க வேண்டும். வேண்டாத வேலை போலத் தெரியும். ஆனால் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் தடித்த சுவர் வெறும் ரசாயனத்துக்கு எளிதில் மசியாது. மணி இல்லையென்றால் சுவர் மெல்லிய பாக்டீராய்டிஸ் ஏராளம், சுவர் தடித்த பிஃபிடோபாக்டீரியம் சொற்பம் என்று தவறாகக் காட்டும்.

அடுத்தது 16எஸ், எந்த பாக்டீரியா என்று அடையாளம் காணப் படிக்கும் ஜீன். அந்த ஜீன் சுமார் 1500 எழுத்து நீளம், அதில் வேறுபடும் பகுதிகள் 9. பலரும் படிப்பது வி4 என்ற 250 எழுத்துத் துண்டை மட்டும்தான். அதை வைத்துப் பேரினம் வரை சொல்லலாம். இனம் சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகியுங்கள். அதற்கு, மாதிரியிலுள்ள எல்லா டிஎன்ஏவையும் படிக்கும் ஷாட்கன் சீக்வென்சிங் வேண்டும்.

எலிகளில் செய்தால் கூண்டைக் கவனியுங்கள். எலி எலியின் புழுக்கையைத் தின்னும், கூண்டுக்குள் எல்லாக் குடலும் ஒன்றுபோல் ஆகிவிடும். ஐந்து எலி ஒரே கூண்டில் இருந்தால் உங்களிடம் உண்மையில் இருப்பது ஒரு மாதிரிதான். செடியில் வேறு கூத்து: இலையிலுள்ள பசுங்கணிகத்தின் (குளோரோபிளாஸ்ட்) மூதாதை சயனோபாக்டீரியா என்பதால் அதன் 16எஸ்-உம் பெருகி வரும். என் முதல் இலை மாதிரியில் பெரும்பகுதி அதுதான். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் படியிலேயே அதை அடைக்கும் பிஎன்ஏ கிளாம்ப் என்ற செயற்கை மூலக்கூறைப் போடுங்கள்.

கடைசியில் அந்த வெறும் டியூப். அதில் வந்தவற்றை மாதிரிகளிலிருந்து அப்படியே கழித்துவிடாதீர்கள்; பக்கத்து டியூப்பிலிருந்து தெறித்த நிஜமான குடல் பாக்டீரியாவும் அதில் இருக்கும். ஆர் என்ற கணினி மொழியில் டீகான்டாம் என்ற தொகுப்பு, டிஎன்ஏ குறைந்த மாதிரிகளில் எது அதிக விகிதத்தில் தெரிகிறது என்று பார்த்தும் அழுக்கைப் பிரிக்கும். அதற்கு ஒவ்வொரு டியூப்பின் டிஎன்ஏ அளவும் வேண்டும், அன்றைக்கே குறித்துவிடுங்கள்.