பழைய லான்ட்மாஸ்ரர் பெட்டியைத் திருத்தி எடுப்பது எப்படி?

லான்ட்மாஸ்ரர் என்னும் இரண்டு சில்லு உழவு மெசினின் பின்னால் கொழுவிப் பாரம் ஏற்றும் பெட்டிகள், தோட்டக்காரர் வளவுகளில் வேலியோரம் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலகை உக்கி, தகரம் கறள் பிடித்து, ரயர் வெடித்துக் கிடக்கும். அதெல்லாம் மாற்றக்கூடிய சாமான். சட்டமும் அச்சும் உரமாக இருந்தால் பெட்டியைப் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். வேலையை மாரி முடிந்து தைக்குப் பிறகு தொடங்குங்கள். ஈரக்காற்றில் பெயின்ற் பிடிக்காது.

தட்டிப் பாருங்கள்

சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்னும். கறள் தின்ற இடம் மொத்தென்று கேட்கும். அங்கே ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்து, சோக்கால் வட்டம் போடுங்கள். மெசினோடு கொழுவும் முன்சட்டம் பெட்டியில் சேரும் மூலைகளை விளக்குப் பிடித்துப் பார்க்கவேண்டும். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஒரு ரயர் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். சட்டத்தில் இலக்கம் பொறித்திருந்தால் அதன்மேல் ரேப் ஒட்டுங்கள். கிரைண்டரில் அது அழிந்தால் பிறகு பதிவு அலுவல்களில் அலைய நேரிடும்.

கழற்றுதல்

ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே நுழையக்கூடாது. சீமெந்துக் கல்லும் வேண்டாம், பாரம் ஏறினால் சொல்லாமல் வெடிக்கும். நல்ல பனங்குற்றிகளை முட்டுக்கொடுங்கள். இரண்டு தட்டாகப் பூட்டிய றிம் என்றால், நட்டில் கை வைக்கமுதல் காற்றை முழுதாக இறக்கிவிடுங்கள். காற்றோடு கழற்றினால் தட்டு பறந்து ஆளை அடிக்கும். இறுகிப்போன நட்டுகளுக்கு டீசலும் ஓயிலும் கலந்து விட்டு ஒரு இரவு ஊற விடலாம். அதற்கும் அசையாததை வெட்டி எறியுங்கள், புதுப் போல்ட் மலிவு.

உப்பும் கறளும்

எங்கள் யாழ்ப்பாணத்து வேலையில் முக்கியமான இடம் இதுதான். கடல் எங்கும் தூரமில்லை. குருநகர், நாவாந்துறைப் பக்கம் மீன் ஏற்றிய பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். கறளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அதன் மேலேயே பெயின்ற் அடித்தால், உப்பு ஈரத்தை இழுத்து அடியிலிருந்து கொப்பளமாகக் கிளப்பும்.

ஆகவே முதலில் கழுவுங்கள், பிறகு வயர் பிரஷாலும் கிரைண்டராலும் சுரண்டுங்கள், திரும்பவும் கழுவுங்கள். கழுவுவது நல்ல தண்ணீராக இருக்கவேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றினால் உப்பைப் போக்க உப்பே பூசியதாகிவிடும். சுரண்டும்போது கண்ணாடியும் முகமூடியும் அவசியம். வெயிலில் காய்ந்தவுடன், அன்றைக்கே ரெட் ஒக்சைட் என்னும் அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் காலையில் மெல்லிய மஞ்சள் கறள் படர்ந்திருக்கும்.

பலர் ரெட் ஒக்சைட்டோடு நிறுத்திவிடுகிறார்கள், செம்பாட்டு நிறத்தில் அழகாகத்தான் இருக்கும். அது ஈரத்தை முழுதாக மறிக்காது. மேலே எனாமல் இரண்டு பூச்சு வேண்டும். அடிப்பக்கத்துக்கும் மூலைகளுக்கும் தாராளமாக அடியுங்கள். வெளியே தெரியும் பக்கத் தகரத்துக்கு யாரும் சொல்லாமலே அடிப்பீர்கள்.

ஒட்டு வேலை (வெல்டிங்) இருந்தால் பெயின்ற்றுக்கு முதல் பட்டறையில் முடியுங்கள். உக்கிய இடத்தின் மேல் தகடு வைத்து ஒட்டச் சொல்லாதீர்கள். வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு வைக்கவேண்டும். முன்சட்டத்தையும் அச்சையும் தொடக்கக்காரர் தாங்களே ஒட்டக்கூடாது.

பேரிங்

பழைய கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். உருளைகளில் குழி, நீலம் பாய்ந்த நிறம், சொரசொரப்பு எது தெரிந்தாலும் பேரிங்கையும் அதன் வெளிக் கிண்ணத்தையும் சோடியாக மாற்றுங்கள். இலக்கம் பேரிங்கின் விளிம்பில் இருக்கும். பழையதையே கடைக்குக் கொண்டுபோவது நல்லது. புதுக் கிறீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் மறுபக்கத்தால் வெளிவரும்வரை அழுத்தி நிரப்பவேண்டும். மேலால் பூசுவது கணக்கில்லை. கிறீஸ் வெளியேறாமல் மறிக்கும் ஓயில் சீல் வளையத்தையும் மாற்றுங்கள்.

சில்லைச் சுற்றிக்கொண்டே அச்சு நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப இறுக்குங்கள். நட்டின் வெட்டும் அச்சின் துவாரமும் நேராக வந்ததும் புது ஸ்பிளிட் பின் ஒன்றைப் போட்டு வளைத்துவிடுங்கள். இது உருளை சரிந்திருக்கும் பேரிங்குக்கான முறை. அதிகம் இறுக்கினால் சூடேறி எரிந்துவிடும்.

பிரேக் இருந்தால் உள்ளிருக்கும் தூசியை ஊதவேண்டாம், பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

தளமும் வெளிச்சமும்

தளத்துக்கு வேப்பம் பலகை போதும். பலகைகளுக்கிடையே சிறு இடைவெளி விட்டால் தண்ணீர் நிற்காது. ஆணி அடிக்காமல் போல்ட் போடுங்கள்.

பின்னால் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்ரரும் விளக்கும் கட்டாயம். விடியமுதல் மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் பெட்டியைப் பின்னால் வருபவர் தூரத்திலேயே காணவேண்டும். விளக்கின் ஏர்த் வயரைப் பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பில் பூட்டுங்கள்.

முதல் ஓட்டம் வெறும் பெட்டியாகக் கொஞ்சத் தூரம். நிறுத்தியதும் கையைச் சில்லின் நடுவிலுள்ள ஹப்புக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்க அச்சு நட்டு அதிகம் இறுகியிருக்கலாம். சில்லு நட்டுகளையும் அப்போதே ஒருமுறை திரும்ப இறுக்கிவிட்டு, பிறகு பாரம் ஏற்றலாம்.