ஒரு சாமான், நாலு சந்தை: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து பாவித்த பொருள் விற்கத் தொடங்குவோருக்கு

பாவித்த சாமான்களை ஒன்லைனில் விற்பது எப்படி என்று யூடியூபில் தேடினால் பெரும்பாலும் அமெரிக்காக்காரரின் வீடியோக்கள்தான் வரும். போஷ்மார்க்கில் போடுங்கள், மெர்காரியில் போடுங்கள், ஒரே விளம்பரத்தை எல்லா இடத்திலும் ஒட்டித் தரும் மென்பொருளை வாங்குங்கள் என்பார்கள். அந்தத் தளங்களில் இலங்கையிலிருந்து கடை திறக்க முடியாது. அந்த மென்பொருள்களுக்கு நம்முடைய இக்மன் விளம்பரத் தளம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆகவே அதை விடுவோம். இங்கே இருந்துகொண்டு கையில் எடுக்கக்கூடியவை நாலு: ஊர் வட்ஸ்அப் குழுக்கள், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், இக்மன், வெளிநாட்டாருக்கும் விற்கக்கூடிய ஈபே.

புதிதாகத் தொடங்குவோர் கையில் கிடைத்ததை எல்லாம் நாலு இடத்திலும் போட்டுவிட்டு, வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதியே களைத்துப் போகிறார்கள். எந்தச் சாமான் எந்தச் சந்தைக்கு என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை குறையும். மீதி, கணக்கை ஒரே இடத்தில் வைத்திருப்பது.

படி 1: சாமான் எங்கே கிடைக்கும்?

முதலில் உங்கள் வீட்டு அலுமாரி. பாவிக்காமல் கிடக்கும் நாலைந்து பொருளை விற்றுப் பாருங்கள். முதல் போடாமலே முழு வேலையும் பழகிவிடும்.

அப்புறம் வெளியே. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இறுதி ஆண்டு முடித்து ஊருக்குப் போகும் பிள்ளைகள் மேசை ஃபேன், றைஸ் குக்கர், சைக்கிள், படிக்கும் மேசை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கழிக்கப் பார்ப்பார்கள். அடுத்த தொகுதி வரும்போது அதே சாமானுக்கு அதே இடத்திலேயே ஆள் இருக்கும். இடையில் வைத்திருக்க ஒரு காய்ந்த அறை இருந்தால் போதும்.

அறுகம்பையில் சேர்ஃபிங் பருவம் ஏப்ரல், மே அளவில் தொடங்கி ஒக்டோபரோடு ஓய்கிறது. விமானத்தில் சேர்ஃபிங் பலகையைக் கொண்டுபோகக் கூலி கூட என்பதால் வெளிநாட்டுப் பயணிகள் பலர் அதை இங்கேயே விற்றுவிட்டுப் போவார்கள். அந்த நேரம் பொத்துவிலில் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால் பலகை, கூடாரம், முதுகுப்பை எல்லாம் நியாயமான விலைக்கு வரும். அங்கே பருவம் முடியும்போது தெற்கில் வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் பருவம் தொடங்கும். வாங்குகிறவர் அங்கே இருக்கிறார்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளில் கைக்கடிகாரம், போன், ஒலிபெருக்கி என்று பெட்டி பிரிக்காததுகூட இருக்கும். எதுவானாலும் தொடக்கத்தில் ஒரு வகையோடு நில்லுங்கள். உங்களால் சோதித்துப் பார்க்கத் தெரிந்த வகையாக அது இருக்கட்டும்.

படி 2: காசு கொடுக்க முன் சோதனை

போன் என்றால் *#06# அடித்தால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ (IMEI) எண் திரையில் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று பதில் வரும். பழைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஐகிளவுட் கணக்கை அவர் கையாலேயே உங்கள் முன்னால் நீக்கச் சொல்லுங்கள். “பிறகு பாஸ்வேர்ட் அனுப்புறன்” என்றால் வாங்க வேண்டாம்.

கரையோர ஊர் என்பதால் உப்புக்காற்றையும் பார்க்க வேண்டும். கொழும்பில் உள்ளவர் கவனிக்காத இடங்கள் இவை: திருகாணித் தலைகள், போனின் சார்ஜர் ஓட்டை, சைக்கிள் செயினின் உட்பக்கம், தையல் மெஷினின் அடிப்பாகம். துரு மேலே துடைக்கப்பட்டிருந்தாலும் திருகாணிப் பள்ளத்தில் நிற்கும். கமரா லென்ஸ் என்றால் பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய கோடு தெரிந்தால் அது பூஞ்சணம்.

வாங்கும்போது ஒரு துண்டில் விற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சாமானின் தொடர் இலக்கம், விலை, திகதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தெரிந்தவர் என்றாலும் வாங்குங்கள். களவுச் சாமான் என்று பொலிஸ் தேடி வந்தால் உங்கள் கையில் இருப்பது அந்தத் துண்டுதான். கையெழுத்துப் போடத் தயங்குகிறவரின் சாமான் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

படி 3: இலக்கமும் ஒரே கணக்கும்

ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இலக்கம். போனுக்கு போ-01, போ-02. தையல் மெஷினுக்கு தை-01. காகித டேப்பில் எழுதிச் சாமானிலேயே ஒட்டுங்கள். கூகுள் ஷீட்டில் ஒரு வரிசை திறந்து இவற்றை எழுதுங்கள்: வாங்கிய விலை, திருத்தச் செலவு, கேட்கும் விலை, இறங்கக்கூடிய கடைசி விலை, எங்கெங்கே போட்டது, இப்போதைய நிலை. நிலைக்கு மூன்று சொல் போதும்: இருக்கு, முற்பணம், போச்சு.

கொப்பியில் எழுதினால் ஆகாதா? ஆகும். ஆனால் கல்முனை பஸ்ஸுக்குள் இருக்கும்போது கேள்வி வந்தால் கொப்பி வீட்டில் இருக்கும். விளம்பரத்தின் கடைசி வரியிலும் அந்த இலக்கத்தைப் போடுங்கள். “காக்கா, அந்தப் போன் இருக்கா?” என்று யாராவது கேட்டால் எந்தப் போன் என்று திருப்பிக் கேட்க வேண்டியிராது.

படி 4: எதை எங்கே போடுவது

பாரமான, மலிவான சாமான் ஊரை விட்டுப் போகக் கூடாது. கட்டில், மேசை, சைக்கிள், கால் வைத்த தையல் மெஷின், கேஸ் அடுப்பு எல்லாம் வட்ஸ்அப் குழுவிலும் மார்க்கெட்பிளேஸிலும் மட்டும். மார்க்கெட்பிளேஸில் இடத்தையும் சரியாகக் குறியுங்கள். களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு இடத்தை மட்டக்களப்பு நகரம் என்று போட்டால், பக்கத்துக் கல்முனைக்காரருக்குத் தூரம் கூடக் காட்டும். வட்ஸ்அப் குழுக்களில் ஒரு நன்மை உண்டு: ஆளை யாருக்காவது தெரிந்திருக்கும், பேச்சு மாறுவது குறைவு. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று என்று ஊருக்கு ஊர் குழுக்கள் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாக் குழுவிலும் கொட்டினால் நிர்வாகி நீக்கிவிடுவார்.

கொரியரில் போகக்கூடிய, மொடல் இலக்கத்தால் தேடப்படும் சாமான் இக்மனுக்கு. போன், லப்டொப், கமரா, வீடியோ கேம் பெட்டி, தொழில் கருவி. அங்கே வருகிறவர் மொடல் பெயரை அடித்துத் தேடுகிறவர். ஆகவே தலைப்பில் “அருமையான போன்” வேண்டாம். மொடல், கொள்ளளவு, நிறம் இருந்தால் போதும். பரிசீலித்த பிறகே விளம்பரம் வெளியாகும். ஒரே சாமானை இரண்டு தரம் போட்டால் ஏற்க மாட்டார்கள். சில பிரிவுகளில் இலவச விளம்பரத்துக்கு எல்லை உண்டு, ஆகவே அங்கே மலிவுச் சாமானைப் போட்டு இடத்தை வீணாக்காதீர்கள்.

இலேசான, அபூர்வமான சாமான் ஈபேக்கு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நம் நாட்டின் பெயர் 1972இல் மாறியது. அதற்கு முந்திய முத்திரைகளில் சிலோன் என்று இருக்கும், அதைச் சேர்ப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பழைய அஞ்சலட்டை, தேயிலைத் தகரம், பிலிம் கமரா, லென்ஸ் இவையும் அப்படித்தான். விலை பார்க்கும்போது ஈபேயில் “விற்று முடிந்தவை” என்று வடிகட்டிப் பாருங்கள். ஒருவர் கேட்கும் விலைக்கும் உண்மையில் போன விலைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

ஈபேயில் சில சிக்கல்கள். இலங்கையில் பேபாலால் காசு அனுப்பத்தான் முடியும், வாங்க முடியாது. ஈபே விற்பனைக் காசு, வெளிநாட்டுக் காசைப் பெற்றுத் தரும் பேயோனியர் என்ற சேவையின் கணக்கு வழியாக வங்கிக்கு வரும், ஆகவே அந்தக் கணக்கை முதலில் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். பல பிரிவுகளில் கட்டணம் 13 சதவீதத்தை ஒட்டி வரும், அது தபால் கூலி சேர்ந்த மொத்தத்தின் மேல். புதிய விற்பனையாளர் மாதத்துக்கு எவ்வளவு விற்கலாம் என்பதற்கு எல்லையும் உண்டு. விளம்பரத்தில் சொன்னபடி சாமான் இல்லை என்று வாங்கியவர் 30 நாளுக்குள் முறையிடலாம், ஆகவே குறைகளை முழுதாக எழுதுங்கள். அமெரிக்கா 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டது. அங்கே அனுப்ப முன் தபாலகத்திலோ கொரியரிலோ வரியை யார், எப்படிக் கட்டுவது என்று கேளுங்கள்.

இன்னொன்று: 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்கள் சட்டப்படி தொல்பொருள். அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. பழைய ஏட்டுச்சுவடி, நாணயம் என்று யாராவது கொண்டுவந்தால் ஆசைப்படாதீர்கள். யானைத்தந்தம், ஆமையோடு, பவளப்பாறை பக்கமே போக வேண்டாம்.

படி 5: படமும் எழுத்தும்

விறாந்தையில் காலை வெளிச்சத்தில், வெறும் துணி மேல் வைத்து எடுங்கள். குறை இருக்கும் இடத்தைக் கிட்ட வைத்து எடுத்த படம் இரண்டாவதாக வரட்டும். கீறலைப் பார்த்துவிட்டு வருகிறவர் வாசலில் நின்று விலை குறைக்க மாட்டார். ஊர்க் குழுவுக்குத் தமிழ். இக்மனுக்கு ஆங்கிலத்தோடு சிங்களத்தில் இரண்டு வரி. சிங்களம் எழுதத் தெரிந்த நண்பரிடம் ஒரு தரம் எழுதி வாங்கினால் மொடலை மட்டும் மாற்றிப் பாவிக்கலாம்.

படி 6: விலை

ஒரு போனை 22,000க்கு வாங்கி, 4,500க்கு பற்றரி மாற்றி, 500 ரூபாய் கொரியருக்கு வைத்தால் உங்கள் அடக்க விலை 27,000. 33,500 கேட்டு 31,000 வரை இறங்கலாம் என்று ஷீட்டில் முன்னமே எழுதுங்கள். “லாஸ்ட் எவ்வளவு?” என்று கேட்காத ஆள் நம் ஊரில் இல்லை. கேட்ட உடனே கடைசி விலையைச் சொல்லாதீர்கள், அதிலிருந்தும் குறைப்பார்கள். “நேரில பாருங்க, பேசுவம்” என்பது நல்ல பதில். எல்லாத் தளத்திலும் ஒரே விலை இருக்கட்டும். வாங்குகிறவரும் இக்மனையும் மார்க்கெட்பிளேஸையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.

படி 7: போடும் ஒழுங்கும் எடுக்கும் ஒழுங்கும்

முதல் நாள் மாலை ஊர்க் குழுக்கள். போகாவிட்டால் அடுத்த நாள் மார்க்கெட்பிளேஸ். அதிலும் போகாவிட்டால், கொரியரில் போகக்கூடிய சாமானுக்கு இக்மன். ஈபேயில் போட்டதை வேறெங்கும் போடாதீர்கள். அங்கே ஒருவர் வாங்கிய பிறகு “சாமான் இல்லை” என்று இரத்துச் செய்தால் உங்கள் கணக்கில் குறையாகப் பதியும், புதிய கணக்கு அதைத் தாங்காது.

“அண்ணன், வைச்சிருங்க, நாளைக்கு வாறன்.” இந்தச் செய்தி தினமும் வரும். முற்பணம் தந்தவருக்கு மட்டுமே வைத்திருங்கள், மற்றவருக்கு முதலில் வருபவருக்குத்தான் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முற்பணம் வந்த உடனே ஷீட்டில் நிலையை மாற்றுங்கள். முழுக் காசு வந்ததும் அந்த வரிசையில் எழுதிய ஒவ்வொரு தளத்துக்கும் போய் விளம்பரத்தை எடுங்கள். தேநீர் குடிக்க முன் எடுங்கள்.

படி 8: காசும் கைமாற்றமும்

வங்கிப் பரிமாற்றத்தின் ஸ்கிரீன்ஷொட் காசு அல்ல. போலியாகச் செய்வது மிக எளிது. உங்கள் வங்கிச் செயலியில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே சாமான் கை மாற வேண்டும். “காசு பெற இந்த லிங்கை அழுத்துங்க” என்று வந்தால், காட் இலக்கம் கேட்டால், ஓடிபி கேட்டால் உடனே தடுத்துவிடுங்கள். காசு வாங்குவதற்கு ஓடிபி தேவையே இல்லை.

நேரில் என்றால் ஆள் நடமாட்டம் உள்ள இடம், பகல் நேரம். கொரியரில் கேஷ் ஒன் டெலிவரி (சாமான் கையில் கிடைக்கும்போது காசு) வைத்தால், ஆள் வாங்காமல் திரும்பி வரும்போது கூலி யாருடையது என்று முன்னமே கேளுங்கள். போனுக்குக் கூலியை மட்டுமாவது முன்பணமாக வாங்குவது என் வழக்கம். வாங்க நினைப்பவர் அதைத் தந்துவிடுவார். பெட்டி கட்ட முன், தொடர் இலக்கம் தெரியச் சாமான் இயங்குவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வையுங்கள்.

படி 9: பதிவு

மாதாமாதம் ஒழுங்காக விற்கத் தொடங்கினால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். என்ன ஆவணம் வேண்டும் என்று உங்கள் கிராம சேவகரிடம் கேட்டால் சொல்வார். வருமான வரியில் 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு உண்டு. அது விற்பனைத் தொகைக்கு அல்ல, வருமானத்துக்கு. சம்பளம் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஷீட்டே உங்கள் கணக்குப் புத்தகம்.

படி 10: போகாத சாமான்

இரண்டு மாதம் தாண்டிய வரிசைகளுக்கு நிறம் அடியுங்கள். முதலில் முகப்புப் படத்தை மாற்றிப் பாருங்கள், பிறகு விலையைப் பத்து வீதம் குறையுங்கள், அதற்குப் பிறகும் நின்றால் சந்தையை மாற்றுங்கள். ஊரில் போகாத லென்ஸ் ஈபேயில் போகலாம். இக்மனில் போகாத மேசை ஃபேன் வந்தாறுமூலையில் போகும்.

மாரி நவம்பரில் தொடங்கினால் ஜனவரி வரை வெள்ளம், பாதை மூடல், கொரியர் தாமதம் எல்லாம் வரும். ஆகவே ஒக்டோபரோடு பெரிய சாமான் வாங்குவதை நிறுத்தி, இருப்பதை அடக்க விலைக்காவது தள்ளுங்கள். மின்சாதனங்களை நிலத்தில் வைக்காமல் மேசைக்கு ஏற்றுங்கள். லென்ஸுகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் போடுங்கள். மழைக் காலத்தில் இக்மன் விளம்பரங்களில் “அனுப்ப ஒரு வாரம் வரை ஆகலாம்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.