பனிச்சறுக்கு மலை: உச்சியைப் பார்க்காதீர்கள், கழித்துப் பாருங்கள்

பனிச்சறுக்கு ஊர்களை ஒப்பிடும்போது, லிஃப்ட் சென்று சேரும் மேல்முனையின் உயரத்திலிருந்து சறுக்குப் பாதை முடியும் இடத்தின் உயரத்தைக் கழித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் புதுச்சேரியிலிருந்து பிரான்சில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய், அப்படியே ஆல்ப்ஸ் பக்கமும் எட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கழித்தலே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

பிரெஞ்சு ஆல்ப்ஸில் உள்ள பனிச்சறுக்கு ஊர்களான வால் தொரான்ஸ், லெஸார்க் இரண்டிலும் மேல்முனை ஏறக்குறைய 3,200 மீட்டர்தான். ஆனால் வால் தொரான்ஸ் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது. ஊர்வரை இறக்கம் சுமார் 900 மீட்டர். லெஸார்க்கிலோ எகுய் ரூஜ் உச்சியிலிருந்து 1,200 மீட்டரில் உள்ள வில்லாரோஜே கிராமம்வரை, பனி போதுமான அளவு இருந்தால், சுமார் 2,000 மீட்டர் இறங்கலாம். நீண்ட சறுக்கலை விரும்புகிறவருக்கு இதுவே மேல். இந்த உயரங்கள் பெரும்பாலும் பாதை வரைபடத்திலேயே அச்சாகியிருக்கும்.

வசந்தம் நெருங்கினால் இந்தக் கணக்கு உதவாது. தாழ்வான சரிவில்தான் பனி முதலில் உருகும். அப்போது வால் தொரான்ஸே சரி. புதிதாகக் கற்பவர்கள் இறக்கத்தை விட்டுவிட்டு வரைபடத்தில் பச்சைக் கோடுகளைத் தேடுங்கள். பிரான்சில் மிக எளிய பாதையின் நிறம் அதுதான்.