மாதிரிப் படகின் அகலம் கூடினால்: என் அனுபவம்

1789 இல் பவுண்டி கப்பலிலிருந்து அதன் தலைவர் பிளை, கலகக்காரரால் இறக்கிவிடப்பட்ட லோஞ்ச் (கப்பலின் பெரிய துணைப்படகு) 23 அடி நீளம், 6 அடி 9 அங்குல அகலம். 1:48 அளவுத்திட்டத்தில் அது 146 மி.மீ., 43 மி.மீ. நான் செய்த மாதிரியை, வடிவம் கொடுக்கும் அச்சுக்கட்டையிலிருந்து கழற்றியதும் நடு அகலம் 45 மி.மீ. காட்டியது. அந்த 2 மி.மீ. நிஜப் படகில் ஏறத்தாழ 4 அங்குலம், விடமுடியாது.

முதலில் வரைபடம். அதிலுள்ள 100 மி.மீ. கோட்டை உருக்கு அடிமட்டத்தால் நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்தேன், சரி. (97 காட்டினால் 103 வீதத்தில் மறுபடி அச்சிட வேண்டும்.) வரைபட அகலம் சட்டங்களின் (படகின் விலாக்கள்) வெளிவிளிம்பு வரைதானா என்றும் பார்க்க வேண்டும், அப்படியானால் 0.5 மி.மீ. பலகை இரு பக்கமும் சேர்ந்து 1 மி.மீ. கூட்டிவிடும். இதுவும் காரணமல்ல.

மிஞ்சியது ஈரம். நுவரெலியாப் பனிமூட்டத்தில், நனைத்து வளைத்த கீலங்கள் (மெல்லிய மரப்பட்டிகள்) மேலே காய்ந்தாலும் உள்ளே காய்வதில்லை. கழற்றியதும் பக்கங்கள் விரியும்.

உட்புறத்தைத் தூரிகையால் இலேசாக நனைத்தேன். ஊறவைக்கவே கூடாது, வெள்ளைப் பசை இளகிவிடும். மீண்டும் கட்டையில் ஏற்றி, ரப்பர் பட்டியால் கட்டி, மேசை விளக்கின் கீழ் இரண்டு நாளாவது விடவேண்டும். பிறகு இரு முனையிலும் பள்ளம் வெட்டிய குச்சிகளை மூன்று இடங்களில் விளிம்புகளின் மேல் மாட்டினேன். இருக்கைப் பலகைகள் ஒட்டிக் காய்ந்த பின்பே அவற்றை எடுக்கலாம். இப்போது 43.