சாரயேவோவில் குறி தப்பியிருந்தால்: நடக்காத வரலாற்றை எண்ணிப் பார்க்கும் முறை

ஒரு கொலை முயற்சி தோற்றுப்போயிருந்தால் வரலாறு எப்படி மாறியிருக்கும் என்று எழுத விரும்புகிறவர், அம்முயற்சி எந்த இடத்தில், எதனால் தோற்றது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். "அவர் சாகவில்லை என்று வைத்துக்கொள்வோம்" என்று தொடங்குவது போதாது. காயமின்றித் தப்பியவரும், உடல் முடங்கி உயிர் பிழைத்தவரும், தம் கண்முன்னே மனைவியைப் பறிகொடுத்தவரும் அடுத்த வாரம் ஒரே முடிவை எடுக்கமாட்டார்கள். இதைப் பயில்வதற்கு 1914 ஜூன் 28 மிகவும் ஏற்ற நாள். ஏனெனில் அன்று காலை, ஆஸ்திரிய-ஹங்கேரியாவின் ஆட்சியில் இருந்த போஸ்னியாவின் தலைநகர் சாரயேவோவில் ஒரு முயற்சி தோற்றது, மற்றொன்று வென்றது.

ஆஸ்திரிய-ஹங்கேரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கார் மீது நெடெல்கோ சாப்ரினோவிச் வீசிய குண்டு, பின்னால் வந்த காரின் அடியில் வெடித்துப் பலரைக் காயப்படுத்தியது, இளவரசர் தப்பினார். நகர மண்டப வரவேற்பு முடிந்ததும், காயமுற்றோரை மருத்துவமனையில் காண விரும்பினார். அதற்காக ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகச் செல்வதென முடிவாயிற்று. அந்த மாற்றம் ஓட்டுநருக்குச் சொல்லப்படவில்லை. பழைய திட்டப்படி அவர் லத்தீன் பாலத்தருகே வலப்புறம் திரும்ப, ஆளுநர் போத்தியோரெக் தடுக்க, கார் நின்றது. சில அடி தூரத்தில், சாப்ரினோவிச்சின் சதிக்கூட்டாளி காவ்ரிலோ பிரின்சிப் நின்றிருந்தார். இரண்டு தோட்டாக்களில் இளவரசரும் அவர் மனைவி சோஃபியும் மாண்டனர். ஒரு மாதத்துக்குள் இது முதல் உலகப் போருக்கு வழிவகுத்தது.

இங்கே நாம் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று: வழி மாறியதை ஓட்டுநரிடம் யாரேனும் சொல்லியிருந்தார்கள் என்று கொள்வது. அன்று எளிதாக நடந்திருக்கக்கூடிய சிறு செயலையே மாற்றத்தின் தொடக்கமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மேல் எதையும் தொடக்கூடாது. மாற்றம் பெரிதாகப் பெரிதாக, வாசகர் காண்பது அக்காலத்தை அல்ல, எழுதுபவரின் விருப்பத்தையே.

அடுத்து, பலரும் தவறவிடும் இடம். தோற்ற முயற்சியும் ஒரு நிகழ்ச்சிதான். அதற்கும் விளைவுகள் உண்டு. 1878இல் ஜெர்மானியப் பேரரசர் முதலாம் வில்ஹெல்மைக் கொல்ல இருமுறை முயன்றார்கள். இரண்டிலும் அவர் பிழைத்தார். ஆனால் அவருடைய தலைமை அமைச்சர் பிஸ்மார்க் அம்முயற்சிகளைக் காரணம் காட்டிச் சமூக ஜனநாயகவாதிகளுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டம் 1890 வரை நீடித்தது. 1910இல் இதே சாரயேவோவில் போக்டான் ஜெராயிச் என்ற இளைஞர் அப்போதைய ஆளுநரைச் சுட்டுக் குறி தவறி, தம்மையே சுட்டுக்கொண்டார். போர் மூளவில்லை, ஆனால் அவருடைய கல்லறை பிரின்சிப் போன்றோருக்கு வழிபாட்டிடம் போல ஆயிற்று. ஆகவே நம் கற்பனையிலும் குண்டு வெடித்தே இருக்கும், சாப்ரினோவிச் பிடிபட்டே இருப்பார், விசாரணை, ஆயுதங்கள் வந்த செர்பியத் தலைநகர் பெல்கிரேடை நோக்கியே நகரும். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் சினம் அப்படியே இருக்கும். அந்தச் சினத்தை யார் கையாள்வார் என்பது மட்டுமே மாறும்.

அதனால்தான் கொல்லப்பட்டவரின் கையில் உண்மையில் என்ன இருந்தது என்று கணக்கிட வேண்டும். ஆஸ்திரிய-ஹங்கேரியத் தலைமைப் படைத்தளபதி கான்ராட், செர்பியாமீது போர் தொடுக்க வேண்டுமென 1913இல் மட்டும் 20 முறைக்கு மேல் வற்புறுத்தினார். அவரைத் தடுத்து நின்றவர்களில் முதன்மையானவர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட். இவரைச் சமாதானத்தின் தூதராக்கிவிடக் கூடாது: ஹங்கேரியரை வெறுத்தார், செர்பியரை இகழ்ந்தார். ரஷ்யாவுடன் மோதினால் இரு அரச வம்சங்களும் அழியும் என்ற அச்சமே அவரைத் தடுத்தது. ஆனால் 1914 ஜூலையில் அந்த அச்சம் கொண்ட ஒருவர் அவையில் இருந்திருந்தால், ஜூலை 23இல் செர்பியாவுக்கு அனுப்பப்பட்ட கடுமையான கெடு அந்த வடிவில் சென்றிருக்காது, 28இல் போர் அறிவிப்பும் வந்திருக்காது என்று நான் உறுதியாகவே கருதுகிறேன். சோஃபி மட்டும் இறந்திருந்தால் இந்த உறுதி எனக்கு இல்லை. அவரை மணப்பதற்காகத் தம் பிள்ளைகளின் அரசுரிமையையே விட்டுக்கொடுத்தவர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட்.

அவர் கையில் இல்லாதவை வேறு. ரஷ்யாவின் பெரும் படைப் பெருக்கத் திட்டம் 1917இல் நிறைவேறவிருந்தது. அதற்குள் மோதிவிட வேண்டும் என்ற எண்ணம் ஜெர்மானியத் தளபதிகளிடம் வலுத்திருந்தது. பால்கன் நாடுகளின் பூசல் ஓயவில்லை. முதிய பேரரசர் பிரான்ஸ் ஜோசஃபுக்கு அப்போதே வயது 83. அவர் மெய்யாக மறைந்தது 1916 நவம்பரில். போரில்லாத உலகில் அந்தத் தேதி சற்று முன்பின்னாகலாம் என்றாலும், அரியணை விரைவில் காலியாகும் என்பதில் ஐயமில்லை. புதிய பேரரசராகும் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் ஹங்கேரியின் அதிகாரத்தைக் குறைக்க முனைந்திருப்பார். 1917இல் புதுப்பிக்க வேண்டியிருந்த, ஆஸ்திரியாவுக்கும் ஹங்கேரிக்கும் இடையிலான பொருளாதார உடன்பாடு அதற்குரிய களமாகியிருக்கும். ஆகவே இங்கே கதை கிளைவிடுகிறது: உள்நாட்டு நெருக்கடி ஒரு கிளை, தள்ளிப்போன பெரும்போர் மற்றொன்று. இரண்டையும் எழுதி, எது ஏன் வலுவானது என்று சொல்லுங்கள்.

விளைவுகளைத் தொலைவுக்கு இழுக்கும்போது இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைத் தாக்கியது முழுக்கப் போரின் விளைவு. போர் இல்லையேல் அந்த இரவு இல்லை. காந்தியார் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டதோ 1914 ஜூலையில், போர் தொடங்குவதற்கு முன்பே. அதைச் சாரயேவோவின் கணக்கில் எழுதுவது பிழை. முன்பே நகரத் தொடங்கிவிட்டவற்றை அவற்றின் போக்கிலேயே விட்டுவிடுங்கள்.

எழுதி முடித்த பின், ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, 1914 ஜூன் 28க்கு முன் அறியப்பட்டிருந்த எந்தச் செய்தி இதைத் தாங்குகிறது என்று கேளுங்கள். பின்னர் நடந்தவற்றை நாம் அறிந்திருப்பதால் மட்டுமே நிற்கும் வாக்கியங்களை, அவை எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும், நீக்கிவிடுங்கள். 1917க்கு அப்பால் செல்லும் பக்கங்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் நிற்பதில்லை. நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.