நிழல் வீட்டுக்கு வந்தால் யாரும் வீறிடக் கூடாது

கொஞ்ச நாளாகப் புதியவர்களின் திரைக்கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முதல் பக்கத்திலேயே ‘மாய யதார்த்தம்’ என்று போட்டிருக்கிறார்கள்; அன்றாட வாழ்க்கைக்குள் அதிசயம் சாதாரணமாக நடக்கிற கதை என்று அர்த்தம். படிக்கப் படிக்க எரிச்சலைவிடக் கூச்சம்தான் அதிகம் வந்தது. அத்தனையும் நான் செய்து முடித்த தவறுகள். ஒலியை ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள், கதையை முடித்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போங்கள் என்பதெல்லாம் எல்லாப் படத்துக்கும் பொது, அவற்றை விட்டுவிடுகிறேன். இன்றைய வீட்டுக்குள் நடக்கும் தேவதைக் கதைக்கென்றே சில குழிகள் உண்டு.

அதிசயத்தைக் கண்டு வாயைப் பிளப்பது

என் படம் 18 நிமிடம். ஒரு பெண் இரவு வேலைக்குப் போகிறாள். வேலை முடிந்து அவள் வீடு திரும்பி அரைமணி கழித்துத்தான் அவள் நிழல் வந்து சேரும். அதுவரை கதவைத் திறந்தே வைத்திருப்பாள். கதை அவ்வளவுதான். தாளில் படித்தவர்களுக்கெல்லாம் பிடித்திருந்தது.

படமாக்கும்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? நிழல் வாசற்படி ஏறும் இடத்தில் டிராலி போட்டு கேமராவை மெல்ல உள்ளே நகர்த்தினேன். ஏழு வயது மகள் திரும்பிப் பார்க்கிறாள், கண்கள் விரிகின்றன, ஒரு க்ளோசப். கையிலிருந்த டம்ளர் நழுவி விழுகிறது. அதற்கும் ஒரு க்ளோசப். பின்னணியில் வயலின். அப்புறம் அம்மா மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நிழல் ஏன் தாமதமாக வருகிறது என்று விளக்குகிறாள். இரண்டு பக்க வசனம். மூன்று இரவுகள் இதற்கே போயின.

எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தால் படம் செத்துக் கிடந்தது. நிழல் வருவது அந்த வீட்டில் தினமும் நடக்கிற காரியம். அதைப் பார்த்துத் தினமும் டம்ளரைப் போடுவார்களா? மகள் மிரண்டதுமே பார்ப்பவர் பேய்ப் படத்துக்குத் தயாராகிவிடுகிறார். அம்மா விளக்க ஆரம்பித்ததும், இது நிஜமா, இவளுடைய மனப்பிரமையா என்று விசாரணையில் இறங்கிவிடுகிறார். நான் சொல்ல வந்தது இரண்டும் இல்லை. களைத்துப்போன ஒருத்தியின் பாதி இன்னும் வேலையிடத்திலேயே கிடக்கிறது, அவ்வளவுதான். அந்தத் துக்கம் எங்கேயும் இல்லை.

வெட்டிச் சரிசெய்யப் பார்த்தோம். முடியவில்லை. யாரும் ஆச்சரியப்படாத, அறை முழுவதும் தெரிகிற ஒரு வைட் ஷாட்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. சரி, திரும்ப எடுக்கலாம் என்று போவதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது; குழந்தைக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. கதவைத் திறக்கும்போது பல் உண்டு, மூடும்போது இல்லை. ஆக, அவள் வரும் அத்தனை காட்சிகளையும் முதலிலிருந்து எடுத்தோம், கடன் வாங்கி. அந்த டிராலி வாடகையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இரண்டாவது முறை கேமராவை அசைக்கவே இல்லை. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மகள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

“கதவைச் சாத்தும்மா, கொசு வருது.”

“இன்னும் வரலைல்ல. நீ எழுது.”

பின்னால், கவனித்தால் மட்டும் தெரிகிற மாதிரி, நிழல் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வருகிறது. மகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வருகிறாள். 40 வினாடி. இசை இல்லை.

கொலம்பிய நாவலாசிரியர் காபிரியேல் கார்சியா மார்க்கேஸ் 1981இல் வந்த ஒரு பேட்டியில் தன் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நம்பவே முடியாத கதைகளைச் சொல்லும்போதும் பாட்டியின் முகம் மாறவே மாறாதாம். அந்த முகத்தோடு எழுதத் தெரிந்த பிறகுதான் தன் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவல் பிடிபட்டது என்கிறார். எழுத்தில் அந்த முகம் வாக்கியத்தின் தொனியில் இருக்கிறது. சினிமாவில் அது கேமராவின் முகம். நடிகர் பதறாமல் இருந்தும், கேமரா பதறி முன்னால் ஓடினால் காரியம் கெட்டது.

பிரெஞ்சு இயக்குநர் செலீன் சியாமாவின் ‘பெதித் மாமன்’ படத்தில் எட்டு வயதுச் சிறுமி, தன் வயதிலேயே இருக்கும் தன் அம்மாவைக் காட்டில் சந்திக்கிறாள். மின்னல் இல்லை, மந்திரக் கதவு இல்லை. இருவரும் மரக்கிளைகளை அடுக்கிக் குடிசை கட்டுகிறார்கள்.

இத்தனையும் சொல்லிக்கொடுத்த பிறகு, போன வாரம் வந்த ஒரு திரைக்கதையில் ‘கண்கள் அகல விரிய’ ஏழு இடத்தில் இருந்தது.

விதியே இல்லாத மாயம்

விளக்காதே என்றால் விதியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. சிண்ட்ரெல்லாவுக்கு நள்ளிரவு 12 மணி என்று ஒன்று இருப்பதால்தான் நாம் கடிகாரத்தைப் பார்க்கிறோம். என் கதையில், கதவு மூடியிருந்தால் நிழல் வெளியிலேயே நிற்கும். மறுநாள் அவள் நிழலில்லாமல் வேலைக்குப் போக வேண்டியதுதான். படத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் என் நோட்டில் இருந்தது. ஒரு காட்சியும் அதை மீறவில்லை.

செல்போனை ஒளித்துவைப்பது

நவீன தேவதைக் கதை என்று சொல்லிக்கொண்டு, போன் வந்தால் மாயம் கலைந்துவிடும் என்று பயந்து, எந்தக் காலம் என்றே தெரியாத ஒரு வீட்டைக் கட்டுகிறார்கள். போன் இருக்கட்டும். சார்ஜ் தீரட்டும். நிழலுக்காகக் காத்திருக்கும்போது அவள் வேறென்ன செய்வாள்? போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கவிதையை வசனத்தில் ஊற்றுவது

“என் நிழல் இன்னும் இரவோடு பேசிக்கொண்டிருக்கிறது” என்று நானே எழுதினேன். நடிகை அதைச் சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். கொசு வசனம் அங்கேதான் பிறந்தது.

நீல நிறமும் புகையும்

வேண்டாம்.

கடைசியில் ‘எல்லாம் கனவு’

அப்படியானால் நான் எதற்கு உட்கார்ந்து பார்த்தேன்?

கிராஃபிக்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

பிரெஞ்சு இயக்குநர் ழான் காக்தோ 1946இல் ‘அழகியும் மிருகமும்’ என்ற தேவதைக் கதையைப் படமாக்கியபோது, சுவரிலிருந்து நீண்டு மெழுகுவர்த்தி ஏந்தும் கைகள் நிஜ மனிதக் கைகள். மெழுகுவர்த்திகள் தானாகப் பற்றிக்கொள்வது, அணைவதை எடுத்துப் பின்னோக்கி ஓட்டியது. கண்ணெதிரே ஒரு பொருள் இருந்தால் நடிப்பவருக்கும் அதோடு பழகத் தெரிகிறது.

எங்கள் முதல் நிழல் கணினியில் செய்தது, தரையில் ஒட்டவேயில்லை. அடுத்த முறை, மங்கலான சாஃப்ட் லைட்டை மேற்கூரையில் அடித்துத் தெறிக்கவிட்டு, அம்மாவைச் சுவரோடு ஒட்டி உட்காரவைத்தோம். தனியாக நிழல் விழவில்லை. வாசலுக்கு வெளியே, நிழலைக் கூர்மையாக விழவைக்கிற ஒரு ஹார்ட் லைட். அதன் முன்னால், ஃப்ரேமுக்குள் வராமல், அதே உடல்வாகுள்ள இன்னொரு பெண் கைப்பையோடு நடந்தார். “களைச்சுப்போய் நடங்க” என்று மட்டும் சொன்னேன். “காலையிலிருந்து நிக்கிறேன், தனியா நடிக்க வேண்டாம்” என்றார். இரண்டாவது டேக்கில் கிடைத்துவிட்டது.